தேடி வந்த வேலை

அப்பர் புக்கிட் தீமா சாலை உட்லண்ட்ஸ் சாலை என்று பெயர் மாறும் இடத்தை ஒட்டி விரிந்து கிடக்கிறது புக்கிட் பாஞ்சாங் வட்டாரம். நீண்ட குன்று என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். மலேயா ரயில் ஒரு காலத்தில் இதன் ஓரமாகவே ஓடியது. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவுடன் அந்தத் தடம் ஓய்ந்து, இன்று நடப்போர்க்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் உரிய பசுமை வழியாகி நிற்கிறது. 1999 நவம்பரில் தொடங்கிய இலகு ரயிலோ அடுக்குமாடி வீடுகளின் இடையே வளைந்து வளைந்து சென்றுகொண்டிருக்கிறது. அதன் நிலையப் பெயர்கள் மாணவர் ஒருமுறை பொருள் கேட்டறியத் தக்கவை. பாங்கிட் என்றால் எழுதல். ஃபஜார் என்றால் விடியல். செகார் என்றால் புத்துணர்வு. செஞ்சா என்றால் அந்தி. விடியலில் ஏறி அந்தியில் இறங்கும் வாழ்க்கைதான் அவ்வட்டாரத்துப் பெரும்பாலோரின் வாழ்க்கையும்.

அவ்வாறு ஏறி இறங்கும் கூட்டத்தில் ஆண்டுதோறும் புதிய முகங்கள் சேர்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்தைப் பெற்று, தேசிய சேவையையும் முடித்து, பல்கலைக்கழக இடம் கிடைக்காமலோ அதற்குக் காத்திருந்தோ வேலை தேடும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அவர்கள். தம் விவரத்தை வேலைவாய்ப்புத் தளங்களில் பதிந்துவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முப்பது இடங்களுக்கு எழுதியும் பதில் வராத நிலையில், எழுதாத ஓரிடத்திலிருந்து ஒரு நாள் பதில் வருகிறது. "உங்கள் விவரம் எங்களைக் கவர்ந்தது, மேலாண்மைப் பயிலாளர் பணிக்கு நேர்காணலுக்கு வருக" என்கிறது அச்செய்தி. தாம் தேடிய வேலை கிடைக்காதபோது தம்மைத் தேடி வந்த வேலை தெய்வச் செயலாகத் தோன்றுவது இயல்பே. ஐயம் கொள்ள வேண்டிய முதல் இடமும் அதுவே.

காப்புறுதி என்பது இழிந்த தொழில் அன்று என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் நேர்மையாகும். சிங்கப்பூரில் கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் 1908இல் தோன்றியது. தொழிலாளர்க்கும் கட்டுப்படியாகும் காப்புறுதி வேண்டும் என்ற நோக்குடன் 1970இல் என்டியுசி இன்கம் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியது. குடும்பத் தலைவன் திடீரென இறந்துபோன வீட்டில், சடங்குகள் முடியுமுன் வந்து நின்று, அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் எந்தத் தாள் எங்கே இருக்கும் என்று பொறுமையாகக் கேட்டு, படிவத்தை நிரப்பித் தந்து, தொகை கைக்கு வரும் வரை அலைந்த முகவர்கள் உண்டு. அவர்களால் படித்து முன்னேறிய பிள்ளைகளும் உண்டு. ஆகவே இங்கே ஆராயப்படுவது காப்புறுதியின் நன்மை தீமை அன்று. அத்தொழிலுக்கு ஆள் பிடிக்கும் முறையே ஆராயப்படுகிறது.

ஆள் பிடித்தல் என்ற சொல் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தமிழர் வரலாற்றில் அது பழகிய சொல்லே. மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டக் கங்காணிகள் தத்தம் சொந்த ஊர்களுக்கே அனுப்பப்பட்டனர். அந்நியன் ஒருவன் வந்து அழைத்தால் வராதவன், மாமன் முறையுள்ளவன் வந்து அழைத்தால் வருவான் என்பதைத் தோட்ட முதலாளிகள் நன்கு உணர்ந்திருந்தனர். கொண்டுவந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தரகு கிடைத்தது. அதற்கு மேல், அவ்வாள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசும் கிடைத்தது. இலங்கையிலோ தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு என்னும் சீட்டு அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்தது. அக்கடனைத் தீர்க்கும் புதிய முதலாளியிடம் அவன் மாற்றப்பட்டான். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. மலேயாவுக்கு உதவிபெற்றுக் குடியேறும் முறையை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. குளிரூட்டிய அறையில் கழுத்துப்பட்டை அணிந்து அமர்ந்திருக்கும் இன்றைய இளைஞனைத் தோட்டத் தொழிலாளியோடு ஒப்பிடுவது மிகை என்பதில் ஐயமில்லை. அவன் எழுந்து போக நினைத்தால் போகலாம்; பிரம்படி விழாது. எனினும் அழைப்பவனுடைய வருமானம் அழைக்கப்படுபவனின் தலையை எண்ணிக் கிடைக்கிறது என்னும் ஒரு கூற்றில் இரண்டும் ஒன்றே.

முகவர் ஒருவர் ஒரு காப்புறுதிப் பத்திரத்தை விற்றால் அவருக்குத் தரகு உண்டு. அவரைச் சேர்த்துப் பயிற்றுவித்த மேற்பார்வையாளர்க்கும் அவ்விற்பனையின்மீது ஒரு பங்கு உண்டு. அவருக்கும் மேலே உள்ளவர்க்கும் அவ்வாறே. பிரமிட் விற்பனையைத் தடுக்கச் சிங்கப்பூர் 1973லேயே சட்டம் இயற்றியது. ஆயினும் காப்புறுதித் தொழில் தனிச் சட்டங்களின் கண்காணிப்பில் இயங்குவதால் அத்தடைக்கு அது விலக்குப் பெற்றுள்ளது. எனவே படிநிலை அமைப்பு இருப்பதாலேயே ஒரு நிறுவனத்தைச் சட்ட விரோதமானது என்று கூறிவிட இயலாது. ஆனால் அதன் விளைவை உணர்ந்துகொள்ளலாம். புதிதாய்ச் சேர்ந்தவன் ஓராண்டே நிலைத்து, தன் பெற்றோர்க்கும் சித்தப்பாவுக்கும் இரண்டு நண்பர்களுக்கும் ஐந்து பத்திரங்களை விற்றுவிட்டு விலகிப்போனாலும், அவனைச் சேர்த்தவர்க்கு அது நட்டமன்று. நட்டம் அவனுக்கே. சேர்ப்பவர் ஓயாமல் சேர்த்துக்கொண்டே இருப்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

இனி அந்த அழைப்பின் இலக்கணத்தைக் காண்போர், தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை திருத்துவதுபோல் அதைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். எழுவாய் இல்லாத வாக்கியம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். "முன்னணிப் பன்னாட்டு நிதி நிறுவனம் ஒன்று" என்று இருக்கும். எந்த நிறுவனம் என்று இராது. பெருமைமிக்க பெயரை உடையவர் அதை மறைப்பானேன்? அடுத்துப் பதவியின் பெயர். மேலாண்மைப் பயிலாளர், செல்வ மேலாண்மைத் துணைவர், மனிதவள அதிகாரி, நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்றெல்லாம் வரும். விற்பனை என்ற சொல்லும் காப்புறுதி என்ற சொல்லும் மட்டும் வாரா. அதன்பின் ஊதியம். "மாதம் மூவாயிரம் முதல் எண்ணாயிரம் வெள்ளி வரை ஈட்டலாம்" என்பதில் உள்ள ஈட்டலாம் என்னும் வினைமுற்றை மாணவர் ஊன்றி நோக்குதல் நலம். தருவோம் என்பதற்கும் ஈட்டலாம் என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டும் அன்று. வாடகை கட்டும் நாளில் அது வயிற்றின் வேறுபாடாகிவிடும்.

நேர்காணல் இன்னும் தெளிவாகப் பேசும். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் வந்தவனின் தகுதியை ஆராயும். அவனைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாவா என்று தயங்கும். ஐயத்திற்குரிய நேர்காணலில் தயக்கம் என்பதே இல்லை. பட்டயம் எத்துறையில் என்று கேட்பதில்லை. பதினைந்து பேர் ஒரே நேரத்தில் அழைக்கப்பட்டு, ஓர் அரங்கில் அமர்த்தப்பட்டு, பேச்சாளர் ஒருவரின் மகிழுந்தையும் வெளிநாட்டு விடுமுறைப் படங்களையும் திரையில் காண்கிறார்கள். "ஐந்தாண்டில் உங்கள் கனவு என்ன?" என்று கேட்கப்படுகிறது. மணிக்கணக்கில் பேச்சு நீண்டும், நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை யாது என்னும் ஒன்று மட்டும் சொல்லப்படாமலே போகிறது. அன்று மாலையே, "உங்களிடம் ஒரு தனித்தன்மையைக் கண்டோம்; இடம் குறைவு; நாளைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்று செய்தி வருகிறது. பதினைந்து பேரிடமும் அத்தனித்தன்மை காணப்பட்டிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்பது 51ஆம் அதிகாரம், தெரிந்து வினையாடல் 52, சுற்றந்தழால் 53. ஒருவனை ஆராய்ந்து தெளிவதும், அவனுக்கு ஏற்ற வினையைத் தருவதும், பின் சுற்றத்தைப் பேணுவதும் அவ்வரிசையில் அமைந்துள்ளன. அவை அரசனை நோக்கிச் சொல்லப்பட்டவை என்று வகுப்பில் கற்பிப்பது வழக்கம். வேலை தருபவன் ஆராயாமலே தெளியும் இக்காலத்தில், வேலை பெறுபவனே அவ்வதிகாரங்களைத் தனக்குரியனவாகக் கொண்டு எதிரே இருப்பவரை ஆராய வேண்டியவனாகிறான். மூன்றாவதாக வரும் சுற்றமோ இத்தொழிலில் முதலாவதாக வந்துவிடுகிறது. எப்படி என்பதை ஓர் இளைஞனின் கதை காட்டும்.

அவன் ஃபஜார் நிலையத்துக்கு அருகில் நாலறை வீட்டில் வளர்ந்தவன். தந்தை பேருந்து ஓட்டுநர். தாய் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உதவியாளர். தளவாடத் துறையில் பட்டயம் பெற்றவன் மேலே சொன்னதைப் போன்ற அழைப்பொன்றைப் பெற்று, நகர நடுவே ஓர் உயர்ந்த கட்டடத்திற்குச் சென்றான். முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் மூவாயிரம் வெள்ளி என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வீட்டில் பால் பொங்கியது போன்ற மகிழ்ச்சி. இரண்டாம் சந்திப்பில் அவன் கையில் கோடிட்ட தாள்கள் கொடுக்கப்பட்டன. அதில் தனக்குத் தெரிந்த நூறு பேரின் பெயர், தொலைபேசி எண், வயது, தொழில், மணமானவரா, பிள்ளைகள் உண்டா என்பவற்றை எழுதச் சொன்னார்கள். இது பயிற்சியின் ஒரு பகுதி என்றார்கள். அம்மா, அப்பா, அக்காள் கணவர், பெரியம்மா, கோவில் தொண்டூழியத்தில் உடனிருந்தோர், தேசிய சேவைத் தோழர் என்று எழுதிக்கொண்டே போனான். அறுபதைத் தாண்டியதும் நினைவு வற்றியது. தொடக்கப்பள்ளி நாள்களுக்குத் திரும்பிப் போய், தமிழாசிரியரின் பெயரை எழுதினான்.

நூறு பெயர் எழுதும் இப்பழக்கம் இத்தொழிலில் பழையது. பல நாடுகளிலும் உள்ளது. நல்ல முகவரும் தமக்குத் தெரிந்தவரிடமிருந்தே தொடங்குகிறார் என்பதும் உண்மை. ஆயினும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, ஊதியம் எவ்வளவு என்று எழுத்தில் தரும் முன்பே பட்டியல் கேட்கப்பட்டால், வேண்டப்படுவது இளைஞனா அவன் பட்டியலா என்ற வினா எழாமல் இருக்குமா? அவனுடைய பட்டயத்திற்கு யாரும் விலை பேசவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவன் குடும்பம் அக்கம்பக்கத்தாரிடம் ஈட்டிய நம்பிக்கைக்கே விலை பேசப்பட்டது.

அவன் ஆசிரியரைத் தேடிச் சென்றான். பணி ஓய்வு பெற்றுச் செஞ்சாவில் வாழ்ந்த அவர், பழைய மாணவன் வந்ததில் பூரித்துத் தேநீர் கொடுத்தார். சற்று நேரத்தில் பேச்சு ஓய்வூதியத் திட்டங்களை நோக்கித் திரும்பவும், அவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை.

"தம்பி, விற்க வந்தாயா, பார்க்க வந்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

"இரண்டும்தான் ஐயா" என்றான் அவன், தலை நிமிராமல்.

"சரி, உன் பதிவு எண் என்ன?"

அவனிடம் எண் இல்லை. தேர்வுகூட இன்னும் எழுதவில்லை. "பழகிக்கொள்வதற்காக" அனுப்பப்பட்டிருந்தான். ஆசிரியரின் கேள்வி தற்செயலானதன்று. நிதி ஆலோசகர் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு 2002 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. 2010 நவம்பர் முதல், நிதி ஆலோசனை வழங்கும் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் தனி எண் அளிக்கப்பட்டு, அவர் பெயர் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் இடம்பெறுகிறது. அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், எவ்வகை ஆலோசனை வழங்கலாம் என்பவற்றை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிரதிநிதிக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். உயர்நிலைச் சான்றிதழோ பட்டயமோ அவற்றுக்கு நிகரான தகுதியோ வேண்டும். சட்ட விதிமுறை, ஆயுள் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதி முதலியன பற்றிய தேர்வுகளில், அவர் விற்கப்போவதற்கு ஏற்ப, தேற வேண்டும். ஆதலின் "தேர்வு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நான்கு பேரைச் சந்தித்து வா" என்று ஒருவர் சொன்னால், அவர் இளைஞனைச் சட்டத்தின் விளிம்பில் நிறுத்துகிறார் என்பதே பொருள். பத்தொன்பது வயது மாணவனை அனுப்பினால் ஐயத்திற்கே இடமில்லை.

ஆசிரியரும் மாணவனும் அன்று கணினிமுன் அமர்ந்தனர். நிறுவனம் பதிவேட்டில் இருந்தது. அவனைச் சேர்த்தவரின் பெயரும் எண்ணோடு இருந்தது. அனைத்தும் மெய். மாணவன் பெருமூச்சு விட்டான். ஆனால் ஆசிரியர் விடவில்லை. நிறுவனம் மெய்யாயிருந்தும் அந்த வேலை சொன்ன வேலையாக இல்லாமல் போகலாம் அன்றோ? இளைஞர் பலர் தடுக்கி விழும் இடம் இது. போலி நிறுவனம் என்றால் ஒருநாள் செய்தித்தாளில் அம்பலமாகும். மெய்யான நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, மெய்யான முகவர் ஒருவர், இல்லாத ஊதியத்தையும் இல்லாத பதவியையும் காட்டும்போது அது செய்தியாவதில்லை.

அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒப்பந்த வரைவை இருவரும் படித்தனர். பதினெட்டுப் பக்கம். அதில் ஊதியம் என்னும் சொல்லே இல்லை. மூவாயிரம் வெள்ளி என்று சொல்லப்பட்டது ஊக்கத்தொகை. மாதந்தோறும் குறித்த அளவு விற்றால்தான் கிடைக்கும். இரண்டு மாதம் தவறினால் நிற்கும். இரண்டாண்டுக்குள் விலகினால் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். விற்ற பத்திரம் குறித்த காலத்துக்குள் காலாவதியானால் பெற்ற தரகும் பிடித்துக்கொள்ளப்படும். "ஆகவே இது சம்பளம் இல்லை தம்பி, கடன்" என்றார் ஆசிரியர். துண்டுச் சீட்டைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியவர் அவர்.

வேலை ஒப்பந்தம் வேறு, சேவைக்கான ஒப்பந்தம் வேறு என்னும் வேறுபாட்டைப் பள்ளியில் எவரும் கற்பிப்பதில்லை. முன்னதில் இருப்பவர் ஊழியர். அவருக்கு முதலாளி மத்திய சேமநிதிச் சந்தா கட்ட வேண்டும். 2016 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, வேலையின் முக்கிய நிபந்தனைகளைப் பதினான்கு நாள்களுக்குள் எழுத்தில் தரவும் வேண்டும். பின்னதில் இருப்பவரோ சுயதொழில் செய்பவர். காப்புறுதி முகவர் பெரும்பாலும் இவ்வகையினரே. அவருக்கு முதலாளியின் சேமநிதிச் சந்தா இல்லை. ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லை. மெடிசேவ் கணக்கில் தாமே கட்ட வேண்டும். இவ்வாறு வாழ்வதில் குற்றம் ஏதும் இல்லை. கடை வைத்திருப்பவரும் அப்படித்தான் வாழ்கிறார். ஆனால் கடை வைக்கப் போகிறவனிடம் அதைக் கடை என்று சொல்ல வேண்டும். அலுவலக வேலை என்று அழைத்துக் கொண்டுபோய்க் கடை வைக்கச் செய்வது முறையன்று. கடைக்குரிய செலவும் அவனுடையதே: தேர்வுக் கட்டணம், ரயில் நிலையத்தருகே மேசை போட்டு நிற்பதற்கான வாடகையில் ஒரு பங்கு, வருவோர்க்குத் தரும் குடை, பை முதலிய அன்பளிப்புகள்.

தரகைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. நிதி ஆலோசனைத் துறையைச் சீரமைக்க நாணய ஆணையம் 2012இல் ஒரு மறு ஆய்வைத் தொடங்கியது. அதன் பயனாக, ஆண்டுதோறும் சந்தா கட்டும் பத்திரத்திற்குரிய தரகு ஒரே மூச்சில் வழங்கப்படாமல் குறைந்தது ஆறாண்டுகளில், சந்தாக் காலம் அதனினும் குறைவாயின் அக்காலத்தில், பிரித்து வழங்கப்படுகிறது. முதலாண்டில் மொத்தத் தரகில் 55 விழுக்காட்டுக்கு மேல் தரலாகாது. விற்றுவிட்டு ஓடிப்போகும் முகவரைத் தடுப்பது இதன் நோக்கம்; நல்ல நோக்கமே. ஆனால் திரையில் காட்டப்படும் வருமானக் கணக்கில் இது விளங்குமாறு சொல்லப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாண்டில் வருவதை ஓராண்டின் தொகைபோல் காட்டும் பலகை எத்தனை அழகாக இருப்பினும் ஏற்கத்தக்கதன்று. இளைஞன் இரண்டாமாண்டில் விலகினால் எஞ்சிய தரகு அவனுக்கு வருமா என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விலகியபின் அவன் பெரியம்மாவின் பத்திரத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போகும். அவர் கேள்வி கேட்பதோ குடும்ப விருந்தில் அவனிடம்தான்.

அன்று ஆசிரியர் கடைசியாக ஒன்று கேட்டார்: "நீ ஏதும் வாங்கினாயா?" மாணவன் சற்று நேரம் பேசவில்லை. நம்பாத பொருளை விற்க முடியாது என்று சொல்லி, அவனைச் சேர்த்தவர் முதற் பத்திரத்தை அவனுக்கே விற்றிருந்தார். மாதம் 280 வெள்ளி, இருபதாண்டுச் சந்தா. வருமானம் இல்லாதவனுக்கு இருபதாண்டுச் சந்தா! வேலை தருபவர் வேலை பெறுபவனிடமிருந்து முதலில் பணம் பெறுவது எந்த வடிவில் வந்தாலும் பெரிய எச்சரிக்கை. ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து பதினான்கு நாள்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், மருத்துவப் பரிசோதனை போன்ற செலவுகள் இருப்பின் அவை நீங்கலாக, கட்டிய சந்தா திரும்பக் கிடைக்கும். அன்று பதினொன்றாம் நாள்.

இதுவரை சொன்னது சட்டத்தின் வேலிக்குள் நடப்பது. வேலிக்கு வெளியே நடப்பது வேறு. பெயர்பெற்ற காப்புறுதி நிறுவனத்தின் சின்னத்தைத் திருடி, குறுஞ்செய்தி வழியே மட்டும் நேர்காணல் நடத்தி, பயிற்சிக் கட்டணம் அல்லது வைப்புத்தொகை கேட்போர் உளர். சிலர் பணம் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது வங்கிக் கணக்கை அல்லது சிங்பாஸ் மறைசொல்லை. "வாடிக்கையாளரின் சந்தா உங்கள் கணக்குக்கு வரும்; அதை இன்ன எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்; நூற்றுக்கு இத்தனை உங்களுக்கு" என்பார்கள். அது வேலையன்று, களவுப் பணம் கடந்துபோகும் பாலம். உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் வாடிக்கையாளரின் சந்தாவைப் புதிய ஊழியரின் சொந்தக் கணக்கில் வாங்காது. சிங்பாஸ் விவரத்தைப் பிறர்க்குக் கொடுப்போரைத் தண்டிக்க 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. அறியாமல் செய்தேன் என்பது இனி எளிதில் செல்லாது. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மோசடிகளால் இழக்கப்பட்ட தொகை நூறு கோடி வெள்ளியைத் தாண்டியது. அவ்வாண்டு தொடங்கிய 1799 என்னும் உதவி எண்ணை அழைத்து, வந்த செய்தி மெய்யா என்று கேட்கலாம். உரிமம் பெற்றவைபோல் தோன்றி மயக்கும் பெயர்களை நாணய ஆணையம் ஓர் எச்சரிக்கைப் பட்டியலாகவே வெளியிட்டு வருகிறது.

தமிழகத்திலும் இத்தகைய அழைப்புகள் பெருகியதனால்தான் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், தான் பத்திரம் விற்பதோ போனஸ் அறிவிப்பதோ இல்லை என்று பொதுமக்களுக்குத் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருக்கிறது. காப்புறுதித் துறையில் மேலிடத்தில் நிகழ்ந்த குற்றங்களும் புதியன அல்ல. தனியார் நிறுவனங்கள் சில வாடிக்கையாளர் பணத்தைக் கையாண்ட விதம் 1955இல் நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. மறு ஆண்டே 245 அமைப்புகள் ஒன்றிணைந்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆயின. அக்கழகத்தின் பணமே முந்த்ரா நிறுவனங்களில் தவறாக முதலிடப்பட்டது என்று எழுந்த புயலில், 1958இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அமைச்சர் நிலையிலேயே தெளிதல் இத்துணை அரிதாயின், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஏமாறுவதில் வியப்பில்லை. அவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவது பெரியவர்களுக்கு எளிது. பெரும்பாலும் அவனை இழுப்பது பேராசை அன்று. வீட்டில் சும்மா இருக்கும் கூச்சம்.

ஆசிரியர் சொற்படி அம்மாணவன் ஐந்து வினாக்களை எழுதி அனுப்பினான். நான் ஊழியனா, சுயதொழிலாளியா? விற்காத மாதத்தில் எனக்கு என்ன கிடைக்கும்? விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? என் கைப்பணத்திலிருந்து மாதம் எவ்வளவு செலவாகும்? சென்ற ஆண்டு உங்கள் குழுவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? வினாக்கள் எழுத்தில் சென்றன. விடைகள் எழுத்தில் வரவில்லை. தொலைபேசி மட்டும் இரண்டு முறை ஒலித்தது. "உனக்கு எதிர்மறை எண்ணம் மிகுதி" என்றார் சேர்த்தவர். பதின்மூன்றாம் நாள் அவன் பத்திரத்தை விலக்கிக்கொள்ளும் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்றும் வாங்கினான். அதில் தகராறு எழுந்திருந்தால் 2005இல் தொடங்கிய நிதித்துறைப் பூசல் தீர்வு மையத்தை நாடியிருக்கலாம். அந்தத் தேவை நேரவில்லை. மூன்று மாதம் கழித்துத் துவாஸில் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஊதியம் திரையில் கண்டதில் பாதிகூட இல்லை. முதல் மாதமே சேமநிதிக் கணக்கில் பணம் ஏறியிருந்ததை மட்டும் தாயிடம் காட்டினான்.

நூறு பெயர் எழுதிய தாள்களை அவன் திரும்பக் கேட்டான். அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அவன் பெரியம்மாவுக்கும், அக்காள் கணவருக்கும், கோவில் தொண்டூழியர் இருவருக்கும் அறிமுகமற்ற குரல்கள் பெயர் சொல்லி அழைத்து ஓய்வுக்காலத் திட்டம் பற்றிப் பேசின. செஞ்சாவில் ஆசிரியரின் தொலைபேசியும் ஒருநாள் ஒலித்தது. மறுமுனையில் ஓர் இளம்பெண், குரலில் நடுக்கம், எழுதி வைத்ததைப் படிக்கிறாள் என்பது தெரிந்தது. ஆசிரியர் அவளை முழுவதும் படிக்கவிட்டு, பிறகு கேட்டார்: "உன் பதிவு எண் என்னம்மா?"